வால் கயிற்றை விடச் சொன்னவன்

அன்புள்ள குணா மாப்ள,

இனியும் வாயைத் திறக்காமல் இருக்க என்னால் முடியாது. மூன்று வருஷம் இருந்தாயிற்று. அதில் பெரும்பகுதி நீ உயிரோடுதான் இருந்தாய். அப்போதே பேசியிருக்கலாம். காது கேட்கிற ஆள் போன பிறகு பேச வருகிறானே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

முதலில் சேதி. அந்தப் பறக்கும் படகு போன வாரம் கிளம்பிவிட்டது. ஜுரு சேற்றில் சிக்கிக் கிடந்து, நாம் மீட்டுக்கொண்டு வந்தோமே, அதே கிழட்டு விமானம்தான். புது இறக்கை நுனி, எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்த இஞ்சின் பாகங்கள், பளபளவென்று வெள்ளைப் பெயிண்ட். பத்து மாவுங் படகுத்துறையிலிருந்து தண்ணீரில் இறங்கி, கொஞ்ச தூரம் நுரை கக்கிக்கொண்டு ஓடி, மேலே ஏறிவிட்டது. கரையில் நின்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

அதற்கு முன்பு ஒரு சின்ன விழா. மேனேஜர் மைக்கில் என் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார். என்னிடம் வேலை பழகி, எனக்கு மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், உனக்குத் தெரியும். கையில் ஒரு கண்ணாடிக் கேடயத்தைக் கொடுத்தார். மீட்புப் பணியை வழிநடத்தியவர் என்று எழுதியிருந்தது. உன் பெயரை யாரும் சொல்லவில்லை. மைக் என் கையில் இருந்தபோது நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதுகூட நாலு தரம் எழுந்து வாசல்வரை போய் வந்தேன். எங்கே போக? தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனேன். பாதிப் படியில் மூச்சு வாங்கித் திரும்பிவிட்டேன். சாமியிடம் சொல்ல வேண்டிய விஷயமா இது?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

உலகம் சுற்றக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர், தன் வயதுக்குக் கிட்டத்தட்ட ஈடான அந்த இரண்டு இஞ்சின் விமானத்தோடு தீவுக்கும் கரைக்கும் நடுவே கடலில் இறங்கிவிட்டார். இடது இஞ்சினில் எண்ணெய் அழுத்தம் போய்விட்டது. ஒற்றை இஞ்சினை வைத்துக்கொண்டு தண்ணீரில் நேராகப் போக முடியாது, வட்டம்தான் போட முடியும். வட்டம் போட்டுப் போட்டு, வற்றுகிற நீரோடு ஜுரு முகத்துவாரச் சேற்றில் போய் உட்கார்ந்துவிட்டது. நம் கம்பெனிக்கு அழைப்பு வந்தது. திட்டம் போட எஞ்சினியர் நான், இழுக்க இழுவைப்படகோட்டி நீ.

எனக்கு உன்மேல் அப்போதே கோபம் இருந்தது. மறைக்க மாட்டேன். என் தங்கை கமலாவுக்கு நான் பார்த்து வைத்தது வங்கி அதிகாரியை. அவள் கட்டிக்கொண்டது மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட உன்னை. அதைக்கூட மறந்திருப்பேன். வேலைத்தளத்தில் நான் வரைபடத்தை விரித்து விளக்கி முடித்ததும், ஆட்கள் எல்லோரும் உன் முகத்தைப் பார்ப்பார்களே, நீ தலையாட்டின பிறகுதானே கயிற்றைத் தொடுவார்கள், அதை எப்படி மறப்பது?

அன்று சேற்றில் இறங்காதே என்று நீ சொன்னாய். விமானத்தின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டுமென்று பூட்ஸோடு இறங்கினேன். தொடைவரை போய்விட்டது. கெராங் சிப்பி எடுக்கிற மலாய்க்காரர்கள் சேற்றில் சறுக்கும் பலகையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அதன்மேல் நின்று நீ அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாய். பூட்ஸ் சேற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. "எஞ்சினியர் சார் இன்னைக்கு கெராங் எடுத்துத்தான் கரையேறுவேன்னு நிக்கிறாரு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

அடுத்த நாள் நீர் ஏறியபோது விமானத்தை எப்படி இழுப்பது என்று பேச்சு வந்தது. ஒரே படகு, முன்னால் கயிறு, அவ்வளவுதான் என்று நான் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. தெலுக் பகாங்கில் மாசி மகத் தெப்பத்தை வருஷா வருஷம் கடலில் இழுத்தவன் நீ.

"மச்சான், இது சரக்கு ஏத்துற டோங்காங் இல்ல, தலையில கயித்த கட்டி இழுத்துட்டுப் போக. தெப்பத்தேரு மாதிரி. உயரம் ஜாஸ்தி, வெயிட்டு கிடையாது. காத்து தட்டுனா சுத்திக்கும். பின்னால ஒரு போட்டு வால் கயித்த புடிச்சிக்கிட்டே வரணும்."

கோயில் வேலை வேறு, விமானம் வேறு என்றேன்.

"காத்துக்கு அது தெரியாது லா மச்சான்."

நீ சொன்னது சரி. முந்தின நாள் நான் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதும் அதே விடைதான் வந்திருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுப்பவன் போல, சரி, உன் விருப்பம் என்றேன்.

வால் படகில் நானும், கயிறு பிடிக்கிற நம் ஆள் முத்துவும். முன்னால் உன் படகில் நீயும் உன் கையாளும், உதவிக்கு வந்த இரண்டு கெராங்காரர்களும். இரண்டு மணி நேரம் ஒரு குறையும் இல்லை. நடந்து போகிற வேகம்தான், ஆனால் அந்தப் பெரிய உடம்பு மூக்கைக்கூடத் திருப்பாமல் வந்தது. பைலட் கிழவர் கதவு ஓரத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்.

பிறகு மேனேஜரின் போன். கரையில் விருந்தினர்கள் வந்துவிட்டார்கள், படம் எடுக்கிறவர்கள் காத்திருக்கிறார்கள், ஏன் ஊர்ந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இதைத் தெளிவாக எழுத வேண்டும்: அவர் வேகமாக வரத்தான் சொன்னார். கயிற்றை விடச் சொல்லவில்லை. அது என் முடிவு. வால் படகு இல்லாமலும் போகலாம் என்று உனக்குக் காட்ட வேண்டும் என்றிருந்தது எனக்கு.

"விட்டுடு முத்து. அவன் கோயில் கதைய பேசிக்கிட்டு இருக்கான்."

முத்து தயங்கி உன் படகைப் பார்த்தான். வாக்கி டாக்கி என் இடுப்பில் இருந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேண்டாம் என்பாய். மறுபடி சொன்னேன், அவன் கயிற்றை விட்டான்.

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. காற்று ஒரு தட்டுத் தட்டியது. விமானம் கதவு சாத்துகிற மாதிரி திரும்பி உன் படகின்மேல் மோதியது. இடது இறக்கையின் கீழே இருந்த மிதவை பிய்ந்து தண்ணீரில் போனது. இறக்கை நுனி நசுங்கி, கடலுக்குள் சாய ஆரம்பித்தது. தண்ணீர் புகுந்தால் மொத்தமும் கவிழும்.

நீ சுக்கானைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டுத் தாவினாய். விமானத்தின் முதுகில் ஏறி, வலது இறக்கைமேல் ஓடி, நுனியில் போய் உட்கார்ந்தாய். கூட வந்த கெராங்காரர் இருவரையும் மலாயில் கத்தி ஏறச் சொன்னாய். மூன்று பேர் எடையில் வலது பக்கம் தாழ்ந்தது, இடது இறக்கை தண்ணீரை விட்டு மெல்ல எழுந்தது. அப்படியே காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கரைவரை வந்தீர்கள். பதற்றத்தில் உனக்குச் சிரிப்பு வரும், அது எனக்குத் தெரியும். கரையில் காத்திருந்த கேமராக்காரனுக்குத் தெரியுமா? இறக்கை நுனியில் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிற உன் படம் மறுநாள் எல்லார் கைப்பேசியிலும் இருந்தது.

விசாரணை வந்தது. வால் கயிறு ஏன் விடப்பட்டது என்று கேட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் மேசையைப் பார்த்தேன். "இழுத்தது என் போட்டு. கயிறு என் பொறுப்பு" என்றாய். படகோட்டியின் கவனக்குறைவு, பாதுகாப்பு விதியை மீறி இறக்கையில் ஏறி விளையாடியது என்று அறிக்கை தயாரானது. எழுதியவன் நான். கையெழுத்தும் என்னுடையது.

வெளியே வந்து காரைத் திறக்கும்போது நீ பக்கத்தில் வந்தாய். திட்டுவாய், அடிப்பாய் என்று நினைத்தேன்.

"கமலாகிட்ட எதையும் சொல்லாத மச்சான். அவளுக்கு அண்ணன்னு இருக்கிறது நீ ஒருத்தன்தான்."

அதுவும் எனக்குக் கோபம்தான். உன் பெருந்தன்மையை யார் கேட்டது? திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும்.

உரிமத்தைப் பறித்து உன்னைப் படகிலிருந்து இறக்கினார்கள். ஜுருவில் கார் விற்கிற கடையொன்றில் காவலுக்கு நின்றாய். போன வருஷம் அந்த வேலையில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். செபராங் ஜெயாவில் உங்கள் வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோது வாசலில் ஒருவர், பிளேன்மேல் ஏறிப் போஸ் கொடுத்த ஆள்தானே என்று விசாரித்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு கமலா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, அவரு நிஜமாவே போட்டோவுக்காகத்தான் ஏறுனாரா?" என்று கேட்டாள்.

விடும்மா என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை என்ன செய்யலாம், சொல்.

போன வாரம் விழா முடிந்ததும் முத்து என்னிடம் வந்தான். கை கொடுக்கவில்லை. "நான் புள்ளகுட்டிக்காரன் சார், வேலை போயிரும்னு வாயத் தொறக்கல. உங்களுக்கு என்னா சார்?" என்றான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

நேற்று அலுவலகம் போய், வால் கயிற்றை விடச் சொன்னது நான், அறிக்கை பொய் என்று எழுதிக் கொடுத்தேன். முழுப் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து, எல்லாம் போட்டு. மேனேஜர் படித்துவிட்டு, விமானமும் போய்விட்டது, ஆளும் போய்விட்டார், இப்போது எதற்கு என்று கேட்டார். உன் உரிமம் ஒன்றும் திரும்பி வராது, அவர் கேட்டது சரிதான். ஆனாலும் ரசீது முத்திரை வாங்காமல் நான் நகரவில்லை.

இந்தக் கடிதம் பத்திரிகையின் ஞாயிற்றுப் பக்கத்துக்கு. ஆனால் கமலா இதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நாளைக் காலை நானே பாலம் தாண்டிச் செபராங் ஜெயாவுக்குப் போய், அவள் எதிரில் உட்கார்ந்து சொல்வேன். கதவைச் சாத்தினால் வெளியே நின்று சொல்வேன். உனக்குத் தருகிற வாக்கு இது. நீ என்னிடம் கேட்டுக்கொண்டதற்கு நேர் எதிரானது. இந்த ஒரு தடவை உன் பேச்சைக் கேட்கப் போவதில்லை.

முதலில் கீழே பெயரை எழுதினேன், இப்போது அதை விட்டுவிட்டு வேறு தாளில் பிரதி எடுக்கிறேன். பெயர் போட்டால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். தப்பை ஒத்துக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டும் என்பார்கள். மறுபடியும் என்னைப் பற்றித்தான் பேச்சு ஓடும். துறைமுகத்தில் இருப்பவர்களுக்கு நான் யாரென்று தெரியாமலா போகும்? தெரிந்தவர்கள் காறித் துப்பட்டும். தெரியாதவர்களுக்கு இதில் ஒரு பெயர் போதும்: குணசேகரன், விமானம் கவிழாமல் காத்தவன்.

பெயரில்லாத கடிதத்தைப் போடுவார்களோ, குப்பையில் எறிவார்களோ. எறிந்தால் இன்னொன்று எழுதுவேன். உறையில் போட்டு ஒட்டப் போகிறேன். கையெழுத்தில்லாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
கமலாவின் அண்ணன், உன் மச்சான்.