கழுத்துக்கு ஒரு நற்சான்று

ஜூன் 3
பள்ளிப் பேருந்தை வளைவில் ஒடிக்கும்போது இடது பக்கம் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அக்கா சிரித்தாள். "என்னடி, பொம்மை மாதிரி திரும்புற?" யாரோ மேலாளரிடம் ஓதிவிட்டார்கள். கழுத்து சரியாகிவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்தால்தான் இனி வண்டியாம்.

ஜூன் 5
பிசியோதெரபிஸ்ட் என்னைவிடச் சின்னவள். கழுத்தைத் தொடுமுன்பே கேள்விகள். "தூக்கம் வருதா? வேலை பிடிச்சிருக்கா? சரியாயிடும்னு நீங்க நம்புறீங்களா?" நம்பாமல் எதற்கு வந்தேன்? பத்துக்கு எவ்வளவு வலி என்றாள். எட்டு என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். சனியன், அடக்க முடியவில்லை. "உங்களுக்கு ரொம்ப நாள் ஆகும்போல இருக்கே" என்றாள்.

ஜூன் 6
காத்திருந்தபோது பக்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கழுத்துப் பட்டையோடு. நேற்று நடந்ததைச் சொன்னேன். இந்த இடத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். "அழுதீங்களா? போச்சு. பயப்படுறவன், அழுறவன், வேலைன்னா கசக்குதுங்கிறவன் — இவங்களுக்கெல்லாம் லேசுல குணமாகாதுன்னு முடிவு கட்டிடுவாங்கம்மா. பேசாம சிரிங்க."

ஜூன் 10
சிரித்தேன். தூக்கமா? அடித்துப் போட்ட மாதிரி. வேலையா? உயிர். வலியா? மூன்று. திருப்பிக் காட்டச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன், கண்ணில் பூச்சி பறந்தது. "சூப்பர்க்கா!" என்றாள். அசடு.

ஜூன் 12
சிரித்தேன்.

ஜூன் 17
"உங்களை மாதிரி நம்பிக்கையா இருக்கிறவங்களுக்குத் தானாவே சரியாயிடும்க்கா. இனிமே வர வேண்டாம்." கழுத்து தாராளமாகத் திரும்புகிறது என்று எழுதியே கொடுத்துவிட்டாள். அவள் கைபட்ட அன்றைக்கு மட்டும்தான் தூங்குகிறேன். இன்னும் நாலு தடவை வரட்டுமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் மறுபடி அழுமூஞ்சிக் கணக்கில் சேர்த்துவிடுவாள். வேலை போனால் என் வீட்டில் யார் அடுப்பு மூட்டுவது?

ஜூன் 18
வண்டி கிடைத்துவிட்டது.

ஜூன் 23
பள்ளி வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்தேன். அக்கா வண்டியைத் தட்டி "வா, வா" என்றாள். இடது கண்ணாடியைப் பார்க்கக் கழுத்து வரவில்லை. அவள் இருக்கிறாளே என்று எடுத்தேன். ஐயோ — அந்தச் சத்தம். நான் ஏன் நிறுத்தல? ஏன்?

ஜூன் 30
அக்காவுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியிருக்கிறது. நடப்பது கஷ்டம் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தியாடி?" என்று கேட்டாள்.

"பார்த்தேன்க்கா."

மேலாளரிடமும் அதையேதான் சொன்னேன். கழுத்துக்குச் சான்று இருப்பதால், கவனமில்லாமல் நின்றது அவள்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். நாளை முதல் எனக்கு மறுபடி வண்டி. பிள்ளைகளை ஏற்றி இறக்கப் புதிதாக ஒருத்தி வருகிறாளாம்.