புத்தகத்துக்குப் பின்னால் ஒரு கப்

நீ ஒளித்து வைத்த கப் இன்று காலை கிடைத்தது. அலமாரியில், அந்தப் பியானோ நாவலுக்குப் பின்னால் இருந்தது. அடியில் டீ காய்ந்து பழுப்பு வளையமாகப் படிந்து, அதன்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். ஏன் முகர்ந்தாய் என்று கேட்காதே. நீ போடச் சொல்லும் இஞ்சியின் வாசனை எப்போதோ போய்விட்டது, புளித்த நாற்றம்தான் அடித்தது. நீ செத்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் என் வீட்டில் உன் எச்சில் கப்பை நான் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு திமிர் உனக்கு!

செத்து என்றுதான் எழுதுகிறேன். இறைவனடி சேர்ந்து என்று எழுதினால் நீயே சிரிப்பாய். உன் கொழுந்தன் தெருமுனையில் கட்டிய பேனரில் அப்படித்தான் போட்டிருந்தது. உன் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் புறாவைப் பறக்கவிட்டு, 'அமைதியின் திருவுருவே' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தான். அமைதியாம்! உன் சிரிப்புச் சத்தத்துக்கு எதிர்வீட்டுத் தொட்டில் குழந்தை எழுந்து அழுததை அந்தத் தெருவில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்தப் பேனரின் கீழ் நின்று நான் திரும்பிப் பார்த்தேன், உன்னிடம் காட்ட. அதைப் பார்த்து என்னோடு சேர்ந்து சிரிக்கத் தகுதியான ஒரே ஆள் உள்ளே ஐஸ் பெட்டியில் படுத்திருந்தாள். அன்றைக்கு ஆரம்பித்த கோபம் இது.

நமக்கு எப்படிப் பிடித்தது இந்த வெளிநாட்டு நகைச்சுவைப் பைத்தியம்? சென்னையில் கால் சென்டரில் இருந்தபோது, இங்கிலாந்துக்காரர் பேச்சு காதுக்குப் பழகட்டும் என்று அவர்கள் ஊர் நகைச்சுவைத் தொடர்களைப் போட்டுக் காட்டினார்கள். கூட இருந்தவர்கள் தூங்கினார்கள், நான் மாட்டிக்கொண்டேன். வேலை போய்க் காஞ்சிபுரம் திரும்பியபோது என் கையில் இருந்த ஒரே சொத்து தொடர்கள் நிறைந்த ஒரு ஹார்ட் டிஸ்க். நீ என்னோடு படித்து, ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார்ந்தவள். "என்னாடி இது, இங்கிலீஷ்காரன் ஜோக்கு? அவனுக்கு சிரிக்க வருமா?" என்று கேட்டாய். ஒரு மாதத்தில் என்னைவிட உனக்கு அதிகம் தெரிந்திருந்தது.

உனக்குப் பார்க்க நேரமில்லை. தறியில் இருப்பவள் கண்ணை எடுக்க முடியாது. அதனால் நீ எல்லாவற்றையும் காதால்தான் பார்த்தாய். போனை ஒரு சொம்புக்குள் போட்டு, சத்தம் பெரிதாகக் கேட்கும்படி தறிக்குழி ஓரம் வைத்துக்கொள்வாய். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து அதே எபிசோடை லேப்டாப்பில் பார்க்கும்போது, "அய்ய, இவன் இவ்ளோ குட்டையா? நான் ஒசரமானவன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்று கோபித்துக்கொள்வாய். ரயில்வேயில் தொலைந்த சாமான்களை வைக்கும் ஆபீஸைப் பற்றி ஒரு இங்கிலாந்துத் தொடர் இருந்ததே, யாருமே எதையும் கேட்டு வராத ஆபீஸ், அதன் மேலதிகாரிக்கு நம் பள்ளி எச்.எம். என்று பெயர் வைத்தாய். பழைய புத்தகக் கடையில் நான் எடுத்த நாவல்களை ஞாயிறு மதியம் உனக்கு வாசித்துச் சொல்வேன். இரவல் வாங்கிய பியானோவை உடைத்துவிட்டு அதை முந்நூறு பக்கம் மறைத்துத் திரிகிறவன் கதையில், அவன் பியானோவுக்குப் போர்வை போர்த்தி உடம்பு சரியில்லாத அத்தை என்று சொல்லும் இடத்தில் நீ தரையில் உருண்டாய். மூன்று முறை திரும்ப வாசிக்கச் சொன்னாய்.

தறிச் சத்தம் நின்றால் ஜோக் வந்துவிட்டது என்று உன் தெருவுக்கே தெரியும். பக்கத்துத் தறியிலிருந்து உன் வீட்டுக்காரர், "நிறுத்தாதம்மே, கோடு உழுந்துடும்" என்பார். விழுந்தது. சிரித்துக்கொண்டே தறியில் அடிக்கிற அடி லேசாக இறங்கும், நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கும் இடத்தில் குறுக்கே நூலளவுக்கு ஒரு கோடு தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட சேலை ஒன்றை நான் வேலை பார்க்கும் பட்டுச் சேலைக் கடையிலேயே ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வீடியோவில் விரித்துக் காட்டினேன். கோட்டைப் பார்த்ததும் எனக்கு எந்த எபிசோட் என்று தெரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாட்டை உன்னிடம் சொன்னபோது, "அந்தம்மா கல்யாணத்துல நம்ம ஜோக்கத்தான்டி கட்டிக்கினு நிக்கப் போவுது" என்றாய்.

நம் இருவருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. எனக்கு இங்கிலாந்துத் தொடர்கள், உனக்கு அயர்லாந்து. "இங்கிலீஷ்காரன் மானம் போறத வெச்சி சிரிக்க வெக்கறான். ஐரிஷ்காரன் சாவ வெச்சி சிரிக்க வெக்கறான். நம்ம சாவு வூட்ல மூணாம் நாளே சிரிப்பு வந்துடுது இல்ல? அவன் நம்ம ஆளுடி" என்பாய். நான் கைதட்டினேன். அன்றைக்கே உன் வாயில் ஒன்று போட்டிருக்க வேண்டும்.

உனக்கு மிகவும் பிடித்தது அந்தச் செருப்பு ரிப்பேர் கடைத் தொடர். அயர்லாந்தில் கடலோரத்துச் சிற்றூர், கடையை நடத்தும் இரண்டு சகோதரிகள். அக்காக்காரி ஒவ்வொரு எபிசோடிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்வாள், தான் போகப்போவதாகவும் அதற்குள் ஒரு டீ வேண்டும் என்றும் சொல்வாள். தங்கைக்காரி தலையைத் தூக்காமல், போகிறதுதான் போகிறாய், கப்பைக் கழுவி வைத்துவிட்டுப் போ என்பாள். அக்கா கழுவ மாட்டாள். எச்சில் கப்புகளை ரிப்பேருக்கு வந்த பூட்ஸுக்குள் ஒளித்து வைப்பாள். அதைப் பார்த்த நாளிலிருந்து நீ என் வீட்டில் ஒரு கப்பையும் கழுவியதில்லை. அரிசி டின்னில், ஷூ ராக்கில், ஒருமுறை என் ஹேண்ட்பேக்கில். நான் கத்துவேன், நீ வாசலில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வாய்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அதற்கு இரண்டு நாள் முன்பே தாடை வலிக்கிறது, முதுகு பிடிக்கிறது என்றாய். டாக்டரிடம் போ என்றேன். "தறியில உக்காந்தவளுக்கு முதுகு வலிக்காம மூக்கா வலிக்கும்?" என்று வாயை அடைத்தாய். வியாழக்கிழமை பதினோரு மணி இருக்கும். கடையில் கூட்டம். வீடியோவில் ஒரு அம்மா மாம்பழக் கலரில் இன்னொன்று காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். உன் போன் வந்தது. எடுத்தேன்.

"நான் போவப்போறேன்டி. அதுக்குள்ள ஒரு டீ."

நான் சிரித்தேன். "போறதுதான் போற, கப்பக் கழுவி வெச்சிட்டுப் போ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவ்வளவுதான் நாம் கடைசியாகப் பேசியது. இரண்டு மணிக்கு எனக்குச் செய்தி வந்தது.

பேசும்போது உனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. அதைக் கேட்டேன். அக்காக்காரியும் அப்படித்தான் மூச்சு வாங்குவாள், நீ நன்றாக நடிக்கிறாய் என்று நினைத்தேன். என்னை நான் மன்னிக்கவில்லை, அது இருக்கட்டும். உன்னை எதற்கு மன்னிக்க வேண்டும்? நெஞ்சு வலிக்கிறது என்று இரண்டு வார்த்தை உனக்கு வராதா? பதினைந்து வருடம் என்னோடு ஊர்க்கதையெல்லாம் பேசிய வாய், அந்த ஒரு நாள் யாரோ எழுதிக் கொடுத்த வசனத்தைத்தான் பேசுமா?

உன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். மேடைமேல் ஒரே ஒரு கப், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதிலிருந்து வடிந்த தண்ணீர் அடியில் இன்னும் காயவில்லை. வீடு நிறைய ஆட்கள் அழுகிறார்கள், அந்தக் கப்புக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அப்போது நினைத்தேன்.

உன் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "உனுக்குத்தாம்மா கடைசியா போன் பண்ணியிருக்கா. என்னா சொன்னா?"

"ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொன்னாண்ணா" என்றேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பொய் சொன்னேன். பதினாறாம் நாள் காரியத்திலும் அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தேன். பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. கடைக்குப் போக ஒரு தெரு சுற்றி நடந்தேன். மூன்று மாதமாக ஒரு எபிசோட் பார்க்கவில்லை, ஒரு பக்கம் வாசிக்கவில்லை. இன்று லீவு. ஏதாவது வாசிக்கலாமா என்று அந்தப் பியானோ நாவலை எடுத்தபோதுதான் உன் கப் என்னைப் பார்த்தது. இனிமேலும் பொய்யோடு இருக்க முடியாது என்று அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு நேராக உன் வீட்டுக்குப் போனேன்.

அவர் தறியில் இருந்தார், உன் தறியில். நீ பாதியில் விட்ட சேலையை நெய்து முடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. நெய்து சுற்றியிருந்த துணியை நிறைய தூரம் பிரித்து ஒரு இடத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். குறுக்கே ஒரு கோடு.

"இதான்மா அவ கடைசியா நிறுத்துன எடம். இது சிரிச்சி நிறுத்துனதா, வலிச்சி நிறுத்துனதான்னு பாத்துக்கினே இருக்கறேன். முப்பது வருசமா தறியில இருக்கறேன், எனுக்குத் தெரியல. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன், டீ, நான் சிரித்தது, நான் சொன்ன பதில், சொன்ன பொய். அவர் அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் பிரித்த துணியைத் திரும்பச் சுற்றினார். பிறகு, "சாயப்பட்டறைக்குப் போயிட்டு அன்னிக்குப் பன்னெண்டு மணிக்குத்தான் வூட்டுக்கு வந்தேன்" என்றார். "படுத்துக்கினு இருந்தா. என்னைப் பாத்து, நான் போவப்போறேன்யா, அதுக்குள்ள ஒரு டீன்னா. உங்க கூத்து எனுக்கு எப்பம்மா புரிஞ்சிது? நீங்க ரெண்டு பேரும் உழுந்து உழுந்து சிரிப்பீங்க, நான் தறிய ஓட்டிக்கினு இருப்பேன். ஆனா அது மட்டும் கேட்டுக் கேட்டு மனசுல பதிஞ்சிருந்திச்சி. எனுக்குப் புரிஞ்ச ஒரே ஜோக்கு அதாம்மா. நானும் சிரிச்சேன். டீ போட்டுக் குடுத்து, கப்பக் கழுவி வைன்னு சொன்னேன். எழுந்து போயி கழுவி வெச்சிட்டு வந்து படுத்தா. நான் தறிக்கு வந்துட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை அவர். "உன்கிட்டயாச்சும் நெசத்த சொல்லியிருப்பான்னுதான் அன்னிக்குக் கேட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் உன்னைத் திட்டினோம். நன்றாகத் திட்டினோம். அவர் உன்னை என்னென்ன சொன்னார் என்று இங்கே எழுத முடியாது. அவருக்கு அவ்வளவு கெட்ட வார்த்தை தெரியும் என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்திருக்கும். நீ கழுவின நாள் அது ஒன்றுதான், அதிலும் எங்களைத் தோற்கடித்துவிட்டாய் என்றேன். அந்தச் சேலையைக் கடைக்குக் கொடுக்கப்போவதில்லை என்றார். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கிளம்பும்போது பையிலிருந்து கப்பை எடுத்துக் காட்டினேன். எங்கே இருந்தது என்று சொன்னேன். அவர் கையில் வாங்கி உள்ளே பார்த்தார், பூஞ்சையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அடுப்படிப் பக்கம் திரும்பி, "இரும்மா, கழுவித் தர்றேன்" என்றார்.

"குடுங்கண்ணா" என்று பிடுங்கிக்கொண்டேன். "அவ வந்து கழுவட்டும்."

வீட்டுக்கு வந்து அதை எடுத்த இடத்திலேயே, அந்த நாவலுக்குப் பின்னாலேயே திரும்ப வைத்துவிட்டேன். நாற்றம் கொஞ்சம் வெளியேயும் வருகிறது. வரட்டும். நான் தொட மாட்டேன்.