நாற்பதுக்குள் அடங்காத சேவியர் அண்ணனுக்கு

அன்பு சேவியர் அண்ணே,

போன வெள்ளிக்கிழமை, நாம் பிழைக்க வந்த இந்தக் குதைபியாவில், டீக்கடை மாடியில், வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. கமிட்டியில் ஐந்து பேரும் வந்திருந்தோம். ஒருவர் தூங்கினார். நம் வாலிபால் போட்டியில் ஒரு டீமின் மொத்த பலம் நாற்பது புள்ளியைத் தாண்டக் கூடாது என்ற விதி, இனி நாற்பத்து நான்கு என்று திருத்தப்பட்டது. தூங்கியவரும் ஆதரித்ததாகக் குறிப்பு நோட்டில் எழுதினேன்.

திருத்தத்துக்குக் காரணம், டீக்கடைக்காரரின் மச்சான் டீம் நாற்பத்து மூன்றில் நின்றதுதான். மச்சானுக்காக எண் நகர ஒரு டீ ஆறும் நேரம் போதுமானதாக இருந்தது. உங்களுக்காக நகருமா என்று உங்கள் முறை வந்தபோது நான் கேட்கவே இல்லை, அண்ணே.

அந்த நாற்பது எங்கிருந்து வந்தது, ஞாபகம் இருக்கிறதா? நம் டீம் மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கியதும், "இனி நீங்களே உங்களுக்குள்ள ஆடிக்கிடுங்க" என்று மற்ற லேபர் கேம்ப்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அப்போது நம் சைட்டின் இங்கிலாந்துக்காரர் தன் ஊர் ஸ்பீட்வே பந்தயத்தைப் பற்றிச் சொன்னார். பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளில் நாலு பேர் மண்பாதையில் நாலு சுற்று சுற்றுவார்கள். முதலில் வந்தவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, அப்புறம் ஒன்று, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. அதை வைத்து ஒவ்வொருவனுக்கும் ஒரு சராசரி.

நான் அதை ரூமில் வந்து சொன்னபோது மேல்கட்டிலில் இருந்து உங்கள் தலை எட்டிப் பார்த்தது. "லேய் மக்கா, பிரேக் இல்லாம ஓட்டுத பயலுவளுக்கு அம்புட்டுக் கணக்கா?"

ஆமாம் அண்ணே, அம்புட்டுக் கணக்கு. நன்றாக ஓட்டுபவர்களை எல்லாம் ஒரே கிளப் வைத்துக்கொண்டால் மற்ற ஊர்களில் டிக்கெட் விற்காது. ஆரம்பத்தில் ஒரு குழு உட்கார்ந்து, நீ இந்த ஊருக்குப் போ, நீ அந்த ஊருக்குப் போ என்று ஆளை மாற்றிவிட்டது. ஓட்டுபவர்கள் முணுமுணுத்தார்கள். பிற்பாடு ஆளை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்தார்கள். டீமில் உள்ளவர்களின் சராசரியைக் கூட்டினால் இவ்வளவுக்குள் வரவேண்டும், யாரை வெளியே அனுப்புவது என்பது உங்கள் பாடு. வருடா வருடம் கிளப் முதலாளிகள் கூடி அந்த எண்ணை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். அதாவது முன்பு குழு சுமந்த பாவத்தை இப்போது டீம் மேனேஜர் சுமக்கிறார். விதிகள் வளர்வது என்றால் இதுதான் போலிருக்கிறது.

அதை அப்படியே குதைபியாவுக்கு இறக்குமதி செய்தவன் நான். கேப்டனும் நான். ஸ்கோர் நோட்டும் என்னிடம். ஒரு ஆட்டத்துக்கு எடுத்த புள்ளிதான் சராசரி, புதிதாக வருபவருக்குப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டேன். நம் ஆறு பேரையும் கூட்டினால் நாற்பத்திரண்டு வந்தது. இரண்டு அதிகம்.

உங்கள் சராசரி பதின்மூன்று. என்னுடையது இரண்டு.

நான் விலகி, மெஸ் சமையல்காரர் காளியப்பனை இறக்கியிருந்தால் கணக்கு சரியாக நாற்பதில் நின்றிருக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. ஆனால் நான் கேப்டன் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. கையில் கட்டும் கேப்டன் பட்டையும் தைக்கக் கொடுத்தாகிவிட்டது.

நீங்களோ வேறு கணக்குப் போட்டீர்கள். பதின்மூன்றைப் பதினொன்றாகக் குறைத்தால் யாரும் போகவேண்டாம் என்று. சீசனுக்கு முந்தைய மூன்று வெள்ளிக்கிழமையும் சர்வீஸை வலையில் அடித்தீர்கள். கைக்கு வந்த பந்தை வெளியே தட்டினீர்கள். சித்ரா கேம்ப் ஆட்கள் கத்தினார்கள். "அண்ணாச்சிக்குப் பந்து ரெண்டாத் தெரியுதுடே, ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க!" நீங்கள் சிரித்துக்கொண்டே அடுத்ததையும் வலையில் அடித்தீர்கள்.

ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு கேட்பீர்கள். "எவ்வளவுக்கு வந்திருக்கு மக்கா? பதினொண்ணு ஆயிட்டா?"

"பாக்கலாம்ணே," என்பேன்.

போன சீசன் சராசரிதான் செல்லும் என்று எனக்குத் தெரியும். அந்த விதியை எழுதியதே நான்தான். நீங்கள் வலையில் அடித்த ஒரு பந்துகூட எந்த நோட்டிலும் ஏறவில்லை. மூன்று வாரம் நீங்கள் அசிங்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு, அது எனக்கு வசதி என்பதால் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

டீக்கடைச் சுவரில் பட்டியல் ஒட்டிய அன்று உங்கள் பெயருக்கு எதிரே பதின்மூன்று என்றே இருந்தது. ஆனால் நம் டீமின் கீழ் அந்தப் பெயரை நான் எழுதவில்லை. விரலை வைத்துப் படித்தீர்கள். "போன வருசக் கணக்கா? சொல்லியிருக்கலாமேடே." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

உங்களைச் சித்ரா கேம்ப் எடுத்துக்கொண்டது. கண்ணாடி வாங்கித் தரச் சொன்னவர்கள் உங்களைத் தோளில் தூக்கினார்கள். அங்கே அடிப்பதற்கு வேறு ஆள் இல்லாததால் உங்கள் சராசரி பத்தொன்பதுக்கு ஏறியது. அதனால் அடுத்த சீசனில் எந்த டீமின் நாற்பதுக்குள்ளும் நீங்கள் அடங்கவில்லை, சித்ராவுக்குள்ளும்தான். நன்றாக ஆடியதற்குத் தண்டனை. இங்கிலாந்திலும் சில பேருக்கு இப்படி நடப்பதுண்டு என்று அந்த வெள்ளைக்காரர் ஆறுதல் சொன்னார்.

போட்டி நடக்கும் மாதத்தில் நீங்கள் லீவில் ஊருக்குப் போனது அதுதான் முதல் தடவை. பதினோராம் நாள் அண்ணி போன் செய்தார்கள். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். ரூமில் நான்தான் எடுத்தேன். "அவரு உங்களப் பத்திதான் பேசிட்டே இருப்பாரு தம்பி" என்றும் சொன்னார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. என்ன பேசினீர்கள், அண்ணே?

இனி அந்தக் கேப்டன் பட்டையை நான் கட்டமாட்டேன். டீக்கடைச் சுவரில் அடுத்த பட்டியல் ஒட்டும்போது, அந்த மூன்று வெள்ளிக்கிழமையும் என்ன நடந்தது என்று அதன் அடியில் என் கையெழுத்தில் எழுதி ஒட்டுவேன். சித்ரா ஆட்கள் படிக்கும்வரை கிழிக்க விடமாட்டேன். இது சத்தியம்.

நேற்று என் இடத்தில் காளியப்பன் இறங்கினார். ஆறு புள்ளி எடுத்தார்.

உங்கள் கீழ்க்கட்டில் தம்பி,
முருகேசன்