சுண்ணாம்பு வைத்த புண்

செவ்வாய், இரவு

அப்பாவின் நாக்குப் புண் புற்றுநோய்தான்.

மூன்று மாதத்துக்கு முன் அவர் அந்தப் புண்ணைக் காட்டியபோது, ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் திமிரில் நான்தான் அவரிடம் சொன்னேன்: "உங்க வாய் நாறுதுப்பா. வாய்க் கிருமி புத்துநோய்க்கும் துணை போகும். அதை மொதல்ல ஒழிங்க." சொன்னது சரிதான். வெற்றிலையையும் புகையிலையையும் விடச் சொல்லவில்லை; பஸ்ஸுக்கு அவசரம்.

இன்று கேகாலை ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் அவர் பெருமையாகச் சொன்னார்: "மகன் சொன்னாருங்க. தெனமும் புண்ணுல சுண்ணாம்பு வச்சுக் கிருமிய எரிச்சேன்."

எல்லோர் முன்னாலும் அவரை மடையன் என்றேன். அப்பா சிரித்தார்.

பாதி நாக்கை எடுக்க வேண்டுமாம். அப்போதே வந்திருந்தால் கொஞ்சம்தான் போயிருக்கும் என்று டொக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்.

தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பா கேட்டார்: "கிருமி செத்துருச்சா தம்பி?"

"செத்துருச்சு" என்றேன். நாக்கைப் பற்றி டொக்டரே சொல்லட்டும்.