ஹைவேக்கு மேலே உங்கள் வீடு

என் பிரியமான தெல்மா அக்கா,

உங்களுக்குத் தமிழ் தெரியாது. ‘அக்கா’ என்ற ஒரு சொல்லை மட்டும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். போன ஒக்ரோபரில் நீங்கள் கண்ணை மூடிய பிறகு, உங்களிடம் மட்டுமே சொல்லக்கூடிய சேதி ஒன்று இருக்கிறது.

சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் நாங்கள் எதிரெதிர்க் கதவுக்காரர். என் மகள் ஆரணி பிறந்தபோது என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் நீங்கள். கடைசி மாதங்களில் ஏன் அப்படிப் பயமுறுத்தினீர்கள்? குசினியில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே கதிரையைச் சுவரோடு ஒட்டி இழுப்பீர்கள். “தள்ளி நில், லொறி வருது” என்பீர்கள். பதினாறாம் மாடியில் ஏது லொறி? ஆனால் மேசையில் தேத்தண்ணி அதிர்ந்ததை நானும் பார்த்தேன்.

பிறகுதான் சொன்னீர்கள். டெற்றோயிற்றில் நீங்கள் சிறுமியாக இருந்தபோது, கறுப்பின மக்கள் கடையும் தேவாலயமுமாக வாழ்ந்த தெருக்களை இடித்து, நிலத்தைத் தோண்டி, அந்தப் பள்ளத்தில் ஹைவே போட்டார்களாம். வாடகைக்கு இருந்த உங்களுக்கு எழும்பச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கே போவதென்று யாரும் சொல்லவில்லை.

“வீடு இப்ப காத்தில நிக்குது. அம்மாவின்ர அடுப்புக்குக் கீழால லொறி ஓடுது. ஒருக்கா போய்ப் பார், ஆரும் நிக்கினமோ எண்டு.”

ஆங்கிலத்தில்தான் சொன்னீர்கள். என் காதில் இப்படித்தான் விழுந்தது.

போன ஞாயிறு எல்லை தாண்டி டெற்றோயிற்றுக்குப் போனோம். ஆரணிதான் கார் ஓடினாள். பள்ளத்துக்குக் குறுக்கே இருந்த பாலத்தில், நல்ல வெயிலில் நின்றோம். கீழே லொறிகள். மேலே வெறும் காற்று.

“கொஞ்சம் தள்ளுங்கோ. எங்கட அப்பாவின்ர சலூன் வாசலை மறிச்சு நிக்கிறீங்கள்.”

திரும்பினால், தேவாலயத்துக்குப் போய் வந்த உடுப்போடு ஒரு கறுப்பின முதியவர். நான் ஏனோ தள்ளி நின்றேன். யாரைத் தேடுகிறோம் என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

“தெல்மா வந்திட்டாளோ?”

“இல்லை. போன ஒக்ரோபரில செத்துப்போனா.”

அவர் என்னைத் தாண்டி, பாலத்தின் கம்பிவேலிக்கு அப்பால் இருந்த காற்றைப் பார்த்தார். “அதுதான். ஒக்ரோபரில இருந்து அந்த வீட்டில வெளிச்சம் தெரியுது.”

பிறகு கம்பியோடு நடந்து, ஓரிடத்தில் நின்று, “இதுதான் அவையின்ர கதவு” என்றார். ஆரணி கம்பிக்கூடாகக் கையை நீட்டினாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

“அம்மா, உதில மட்டும் சூடா இருக்கு. சீரியஸ்லி. குசினிக்குள்ள கை வைச்ச மாதிரி.”

லொறிப் புகையாக இருக்கலாம் என்றேன். நானும் கையை நீட்டிப் பார்த்தேன், அக்கா. புகை மணக்கவில்லை.

ஹைவேயை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தை நிரப்பலாமா என்று இப்போது பேசுகிறார்களாம். நிரப்பினால் யாருக்கு வீடு கட்டுவார்கள்? முதியவருக்கும் தெரியவில்லை. ஞாயிறுதோறும் தான் வருவதாகச் சொன்னார். “நானும் போனால் கதவுகள் எங்க எண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார்.

எங்களுக்குத் தெரியும், அக்கா. மண் போட வருகிற நாளில் நானும் ஆரணியும் அங்கே நிற்போம். இது யாருடைய வாசல் என்று கேட்பவர்களுக்குச் சொல்வோம். கேட்காதவர்களுக்கும் சொல்வோம்.

உங்கள் எதிர்க்கதவுத் தங்கை,
சுமதி