சக்கரங்களுக்கு வைத்த குங்குமம்

ரப்பராம். நம் பையன் காரிலிருந்து நேற்று கழற்றிப் போட்ட டைமிங் பெல்ட் என் மடியில் கிடக்கிறது. உள்பக்கம் முழுக்கப் பல், ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது, முகர்ந்தால் பழைய டயர் வாசனை. "இது அறுந்தா இன்னா ஆவும்?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன். "இஞ்சினே போயிடும்மா" என்றான். எப்படிப் போகும் என்று நான் கேட்பதற்குள் பையன் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். அரைகுறையாகக் கேட்டுவிட்டு வந்தால் எனக்குத் தூக்கம் வருமா? நீங்கள் இருந்திருந்தால் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

நம் பழைய பிக்கப் வண்டியில் பெல்ட் ஏது, சங்கிலிதான். எழுபதுகளின் தொடக்கத்தில் தறியை விட்டு எழுந்து அதை வாங்கினீர்கள். பிள்ளையார்பாளையத்தில் நம் தெருவே சிரித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் தொய்ந்துபோன சங்கிலி இஞ்சினின் முன்பக்கத்தில் கடகடவென்று அடிக்கும். இனி ஓட்டினால் அறுந்துவிடும் என்று நவராத்திரிக்கு முன்னால் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டீர்கள். நின்ற வண்டியைப் பார்த்துப் பார்த்து மாமனாருக்குப் பொறுமை போய்விட்டது. "விஜயதசமி காலையில வண்டி கெளம்பணும். இல்லாட்டி பேசாம வந்து தறியில குந்து." அவர் சொன்னால் சொன்னதுதான்.

சங்கிலியை எடுப்பதற்கு முன் இஞ்சினில் அது இணைக்கிற இரண்டு பல்சக்கரங்களும் எந்த நிலையில் நிற்கின்றன என்று அடையாளம் வைக்க வேண்டும்; அதே நிலையில்தான் புதுச் சங்கிலியை மாட்ட வேண்டும். கம்பெனி குத்திய புள்ளிகள் தேய்ந்தே போயிருந்தன. பெயிண்டுக்கு எங்கே போவது? பூஜை மாடத்துக் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பொட்டு வைத்துவிட்டுப் பழைய சங்கிலியைக் கழற்றினீர்கள். சாமர்த்தியம்தான், போங்கள்.

புதுச் சங்கிலி மெட்ராஸிலிருந்து வந்து சேர்ந்தபோது ஆயுத பூஜை நாளாகிவிட்டது. தறிக்கு, நூலோடு குறுக்கே ஓடும் நாடாவுக்கு, ஸ்பானருக்கு எல்லாம் பொட்டு வைத்துவிட்டு வண்டிப் பக்கம் போனவர், சக்கரங்களையும் சுற்றிச் சுற்றித் துடைத்து, வரிசையாகக் குங்குமம் இட்டு அழகு பார்த்திருக்கிறீர்கள். கற்பூரம் காட்டும்போதுதான் என் கண்ணில் பட்டது.

"ஏங்க, இதுல நம்ம அடையாளம் எது?"

"பண்டிகை நாளும் அதுமா, ரெண்டே பொட்டோட உட்டா நல்லாவா இருக்குது?" என்று முனகினீர்கள். எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டை உங்கள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடவும் கூடாது. தொட்டால் மாமனார் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார். அன்று சாயந்திரம் நாம் இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இஞ்சினைப் பார்த்தபடி நின்றோம்.

நிற்க நிற்கக் கோபம் இறங்கிவிட்டது. "மேல் சக்கரம் மட்டும் ஏன் இம்மாம் பெரிசு?" என்று கேட்டேன்.

"தெரியலியே. வா, பாப்போம்." எதைக் கேட்டாலும் அதுதான் உங்கள் பதில்.

கீழே இருப்பது பிஸ்டன் ஏறி இறங்குவதோடு சுற்றும், மேலே இருப்பது இரண்டு மடங்கு பல்லோடு பாதி வேகத்தில் சுற்றி வால்வுகளைத் திறந்து மூடும் என்றீர்கள். "காத்தும் பெட்ரோலும் உள்ள வர ஒரு கதவு, பொகை போறதுக்கு ஒரு கதவு." தறியிலும் மிதித்து இழை பிரிந்த பிறகுதானே நாடா போகிறது, முன்னே பின்னே போனால் இழை அறுந்துவிடாதா என்று எனக்குத் தோன்றியது.

"பொகை போயி முடிஞ்சி, புதுசு உள்ள வர ஆரம்பிக்கிற நேரம்னு ஒண்ணு இருக்கணுமில்ல? அப்ப பிஸ்டன் எங்க நிக்கும்?" என்று கேட்டேன்.

"உச்சியில" என்றீர்கள்.

விஜயதசமி விடிந்ததும் தீபம் காட்டிய கையோடு ஸ்பானரை எடுத்தோம். முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய துளையில், பிஸ்டனைத் தொடும்படி மூங்கில் குச்சியை விட்டுப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் கீழ்ச் சக்கரத்தைத் திருப்ப, குச்சி ஏறி நின்ற இடத்தில் "நிறுத்துங்க" என்றேன். பிறகு மேல் சக்கரத்தை மெல்லத் திருப்பினீர்கள். ஒரு வால்வு மூடி, அடுத்தது அசையத் தொடங்கிய இடத்தில் சங்கிலியை மாட்டினோம். ஸ்டார்ட் செய்தால் புகைக்குழாயில் படாரென்று வெடிச்சத்தம். மாமனார் எட்டிப் பார்த்தார். மறுபடி பிரித்து ஒரு பல் தள்ளி மாட்டினோம். அப்புறம் ஓடியது பாருங்கள், சங்கிலி இருக்கிறதா என்றே சந்தேகம் வருகிற மாதிரி.

மாமனார் வெளியே வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "மாகறல் கோயிலுக்கு உடு" என்றார். பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க அழுதேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, "இன்னா, கண்ல தூசியா?" என்றீர்கள். அதன்பிறகு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும், "எங்க வெக்கலாம்?" என்று என்னைக் கேட்காமல் நீங்கள் வண்டிக்குப் பொட்டு வைத்ததில்லை.

நீங்கள் போன பிறகு வீட்டில் நான் ஏதாவது கேட்டால், "உனக்கெதுக்குமா அதெல்லாம்" என்கிறார்கள். வலிக்கிறது. அதனால் இன்று காலை யாரிடமும் சொல்லாமல் ஷேர் ஆட்டோ பிடித்து மெக்கானிக்கிடம் போனேன். பெல்ட் அறுந்தால் மேல் சக்கரம் நின்றுவிடுமாம். திறந்தபடி நிற்கிற வால்வில் பிஸ்டன் வந்து இடிக்குமாம். "சரி, சங்கிலி இருக்கச்சே ரப்பர் எதுக்குபா?" என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"தெரியலியேம்மா."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திறந்து கிடந்த இஞ்சின் பக்கம் போனேன். "வா, பாப்போம்" என்றேன்.