ரேடியோவில் நீ கூப்பிட்டதும் வந்தவர்கள்

முருகன் துணை

தி. நகர், சென்னை
17-2-1972

அன்புள்ள மகன் ஜவஹருக்கு அம்மா எழுதுவது. வடபழனியாண்டவன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கை மீனாட்சியும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் உன் தக்காளிச் செடிகளும் சுகமாக இருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை, கை ஒரு பக்கம் ஓடுகிறது மனசு ஒரு பக்கம் ஓடுகிறது. திருச்சி ரேடியோவில் நீ பேசினதைக் கேட்டோம். சாயங்காலத்திலிருந்தே மீனாட்சி முள்ளைத் திருகித் திருகி ஒரே கரகரப்பு, நீ பேச ஆரம்பித்ததும் எப்படியோ தெளிந்துவிட்டது. முதல் வார்த்தையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, பாதி கேட்கவில்லை, மீதியை மீனாட்சிதான் சொன்னாள். முதல் பயிர் இலை சுருண்டு போன கதையை ஒளிக்காமல் சொன்னாயே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் கடிதத்தை நான் வாசிக்கும்போதும் அப்படித்தான், படிக்கிற மாதிரி இருப்பார், ஆனால் பக்கம் மட்டும் திரும்பாது. கடைக்கு வராமல் திண்டுக்கல் பக்கம் நிலத்துக்குப் போய்விட்டாய் என்கிற கோபம் அவருக்கு இந்த ரெண்டு வருஷமாக ஆறவில்லை என்று உனக்கே தெரியும்.

படித்தவர்கள் விவசாயத்துக்கு வரவேண்டும் என்று மேடையில் எல்லோரும் சொல்கிறார்கள், வந்தால் முதல் பயிர் எடுக்கும்வரை சோறு போடுவது யார் என்று ஒருவரும் சொல்வதில்லை, என்னிடம் வாருங்கள், ஒரு பட்டம், விதைப்பிலிருந்து அறுவடைவரை, என்னோடு இருந்து வேலை பாருங்கள், பிடித்தால் பக்கத்திலேயே நிலம் குத்தகைக்குப் பிடித்துத் தருகிறேன் என்று நீ சொன்னாயே, அது சரி. கூடவே அப்பா பேரையும், ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை என்பதையும் சொல்லிவிட்டாயேடா! மறுநாளே கடை வாசலில் பையன்கள். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களோடு அவர்களும் நிற்கிறார்கள். அப்பா கடுகடுவென்று, இது ஜவுளிக்கடையா வேலை வாங்கித் தருகிற ஆபீசா என்று கத்தி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் காபி போட்டு மாளவில்லை. பி.ஏ. படித்தவன், பி.காம். படித்தவன், டைப் அடிக்கத் தெரிந்தவன் எல்லாம் வந்தார்கள். சேறு, வெயில், பாம்பு என்று நான் உள்ளதைச் சொன்னதும் பாதிப்பேர் காபியோடு போய்விட்டார்கள், அதுவும் நல்லதுதான். ஆதம்பாக்கத்திலிருந்து கணேசமூர்த்தி என்று ஒரு பையன் சைக்கிளில் வந்தான். "இன்னாம்மா, ரேடியோல பேசினாரே, அவரு வூடு இதானே? எனக்கு வெவசாயம் ஒண்ணும் தெர்யாது, ஆனா எந்த மோட்டாரு நின்னாலும் ஓட வெச்சுடுவேன், அங்க கெணத்துல மோட்டாரு கீதா?" என்றான். எனக்கு அவனை அப்போதே பிடித்துப் போயிற்று.

இனிமேல்தான் விஷயமே. மயிலாப்பூரிலிருந்து வேம்பு என்று ஒருவன் வந்தான், சரித்திரத்தில் எம்.ஏ., மெலிந்த பையன், கண்ணாடி போட்டிருக்கிறான். மற்றவர்கள் சம்பளம் உண்டா என்று கேட்டார்கள், இவன் அந்த மண் செம்மண்ணா கரிசலா என்று கேட்டான். போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறக்குமுன் அவன் அப்பா ஸ்ரீனிவாசராகவன் அவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். பெரிய ஆபீசில் கணக்கதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவராம். நம் அப்பா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எம்.ஏ. படிக்க வெச்சேன் ஸார், இன்னிக்கு சேத்துல எறங்கறேங்கறான். எங்காத்துல இதுவரைக்கும் யாரும் மம்முட்டியைத் தொட்டதில்லை. உங்க பிள்ளை கெட்டுப்போனான்னா அது அவனோட நிக்கட்டும், ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏன் ரேடியோல கூப்டறான்?" என்று குரல் உயர்ந்துவிட்டது. நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இதே வார்த்தைகளைத்தானே இத்தனை நாளாக அப்பாவும் சொல்லிக்கொண்டிருக்கிறார், இவரும் சேர்ந்துகொள்வார், ரெண்டு பேருமாக அந்தப் பையனை அழ வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அப்பா எழுந்தார் ஜவஹர். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். "ஐயா, கெட்டுப்போனான்னு சொல்லாதிய. யாரு கெட்டுப்போனா? காஞ்சு கெடந்த நெலத்த வெட்டித் திருத்தி வெள்ளாம பண்ணுதான் எம்மவன். மொதப் பயிரு பூரா போச்சு, ஓடியாந்தானா? திரும்ப நாத்துப் பாவினான். ஒங்க பையன் எத்தன ஆபீஸ் வாசல்ல நின்னுருப்பான், ஒருத்தன் உள்ள வாடான்னு சொன்னானா? எம்மவன் சொல்லுதான். நேத்து ரசத்துல கெடந்த தக்காளி ஒங்க ஆபீஸ் பீரோவுலயா காச்சுது?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். நாற்றுப் பாவினது, செடி பிழைத்தது எல்லாம் நீ கடிதத்தில் எழுதினவைதான், ஒரு வரி விடாமல் மனசில் வைத்திருக்கிறார்!

ஸ்ரீனிவாசராகவன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தணிந்த குரலில், "இவனுக்கு உடம்பு தாங்காது ஸார், சின்னதுலேர்ந்து வீசிங்" என்றார். அந்த மனுஷனுக்குக் கோபம் இல்லை, பயம்தான். எனக்கே பாவமாகிவிட்டது. வேம்பு, "அப்பா, ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரேன், முடியலைன்னா முடியலைன்னு உங்ககிட்டதான் வந்து சொல்லுவேன்" என்றான். தனியாக எப்படி அனுப்புவேன் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு என்னைப் பார்த்தார், நான் மீனாட்சியைப் பார்த்தேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

ஆகையால் வருகிற புதன்கிழமை ராத்திரி எழும்பூரில் ரயிலேறி, திண்டுக்கல்லில் இறங்கி பஸ் பிடித்து அப்பா வருகிறார், வேம்புவும் கணேசமூர்த்தியும் கூட வருகிறார்கள். பொங்கலுக்கு மட்டும் பூட்டுகிற கடையைப் பூட்டுகிறார் என்றால் பார்த்துக்கொள். வேம்பு சைவம், காலையில் காபி இல்லாவிட்டால் தலைவலி வருமாம், பொடி கொடுத்து அனுப்புகிறேன். பூச்சிமருந்து அடிக்கிற பக்கம் அவனை விடாதே, நீயும் மூக்கில் துணி கட்டாமல் அடிக்காதே, ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடாதே, செருப்பில்லாமல் வரப்பில் நடக்காதே. அப்பா எதையாவது குறை சொன்னால் எதிர்த்துப் பேசாமல் இன்னும் நாலு வரிசை நடத்திக் காட்டு. பிள்ளைகளை முதல் நாளே வெயிலில் நிறுத்தி வெருட்டிவிடாதே, உன்னை நம்பி வருகிறார்கள், அவர்களுடைய அம்மாக்களுக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். நீ தொட்ட மண் விளையட்டும், உன் கை பார்த்து இன்னும் பத்துப் பேர் கை விளையட்டும், முருகன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். கடிதம் கண்டதும் பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு வரி எழுதிப் போடு, மறந்துவிடாதே.

ஆசிகளுடன் உன் அம்மா,
க. சுந்தரவல்லி

பி.கு. ஒட்டுவதற்குள் அப்பா கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

ஜவஹர், நான் வரும்வரை முன்வரிசைப் பழத்தைப் பறிக்க வேண்டாம். செடியில் பார்க்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? - அப்பா.